சீனியர் படுத்தாலும் ஆபீஸ் படுக்கக் கூடாது: சிறிய வக்கீல் ஆபீஸை வளர்ப்பது எப்படி

சில வருஷங்களுக்கு முன்னால் எனக்கு டெங்கு வந்து 11 நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அப்போது ஈரோட்டில் என் ஆபீஸ் என்றால் நான், ஒரு ஜூனியர், ஒரு குமாஸ்தா, அவ்வளவுதான். அலமாரியில் 140 கேஸ் கட்டு இருந்தது. வாய்தாக்களை எல்லாம் ஜூனியர் கோர்ட் கோர்ட்டாக ஓடிப் பார்த்துக்கொண்டார், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஒரு பாகப்பிரிவினை வழக்கில் எதிருரை, அதாவது பிராதுக்கு எங்கள் தரப்பு எழுத்துப் பதில், போட வேண்டிய கெடு என் தலைக்குள் மட்டும்தான் இருந்தது, டயரியில் இல்லை, கட்டின் மேலும் எழுதவில்லை. நான் எழுந்து வருவதற்குள் கட்சிக்காரர் எக்ஸ்பார்ட்டி ஆகிவிட்டார், அதாவது அவர் தரப்பைக் கேட்காமலே வழக்கு நடக்கும் நிலை. அதை ரத்து செய்ய மனு போட்டு, கோர்ட் போட்ட செலவுத்தொகையை நானே கட்டி, வழக்கில் அவரை மறுபடி சேர்க்க வைத்தேன். கட்சிக்காரர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. "உடம்பு தேவலைங்களா?" என்றுதான் கேட்டார். அது இன்னும் மனசில் கிடக்கிறது.

அன்றைக்குப் புரிந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். சிறிய வக்கீல் ஆபீஸ் வளராமல் நிற்பதற்குக் கேஸ் வராதது காரணம் என்று நாம் எல்லோரும் நினைக்கிறோம், என் அனுபவத்தில் அது பாதிக் காரணம்கூட இல்லை. ஆபீஸ் முழுக்க சீனியரின் தலைக்குள் இருக்கிறது, அதுதான் காரணம். எந்தக் கேஸில் அடுத்து என்ன செய்ய வேண்டும், யார் எவ்வளவு ஃபீஸ் பாக்கி, யாரிடம் என்ன சொல்லியிருக்கிறோம், எந்தப் பத்திரம் எந்தக் கட்டில், எல்லாம் ஒரே ஆளிடம். ஒரு ஆளின் தலை எத்தனை கட்டைத் தாங்குமோ அத்தனையோடு அந்த ஆபீஸ் நின்றுவிடும். அதை வெளியே எடுத்து மற்றவர்களும் பார்க்கிற இடத்தில் வைப்பதுதான் நிர்வாகம். இப்போது நாங்கள் 6 பேர். பெரிய ஆபீஸ் இல்லைதான், ஆனால் நான் 10 நாள் இல்லாவிட்டாலும் ஓடுகிறது.

டயரியில் இருந்து தொடங்குங்கள்

நம் எல்லோரிடமும் கோர்ட் டயரி இருக்கிறது. அதில் இருப்பது வாய்தா தேதி மட்டும். வாய்தா தேதியைக் கோர்ட்டே சொல்லிவிடும், மறந்தாலும் இ-கோர்ட்ஸ் ஆப்பில் வழக்கின் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைப் போட்டால் வந்துவிடும். கெடு தேதியை யாரும் சொல்ல மாட்டார்கள். ஆபீஸைக் கவிழ்ப்பது பெரும்பாலும் அந்தக் கெடு தேதிதான்.

அதனால் கெடுவுக்கென்று தனி நோட்டு ஒன்று வையுங்கள். எக்செல் ஷீட்டாக இருந்தாலும் சரி, சிவப்பு அட்டை போட்ட நோட்டாக இருந்தாலும் சரி, எல்லோர் கைக்கும் எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும். அதில் என்னென்ன ஏற வேண்டும் என்பதை ஜூனியருக்கு உட்கார்ந்து சொல்லிக் கொடுங்கள், அவர்களே கற்றுக்கொள்வார்கள் என்று விடாதீர்கள். எங்கள் ஊரில் ஜவுளி வியாபாரிகளின் செக் கேஸ் அதிகம் என்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன்: செக் திரும்பிய தகவல் பாங்கிலிருந்து கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும், நோட்டீஸ் கிடைத்த 15 நாளில் பணம் வராவிட்டால் அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்குள் புகார் போட வேண்டும். புகார் தாமதமானால் தகுந்த காரணம் காட்டி மன்னிக்கச் சொல்லிக் கேட்கலாம். நோட்டீஸ் தாமதமானால் அப்படிக் கேட்க வழியில்லை, செக்கின் ஆயுள் மிச்சமிருந்தால் மறுபடி பாங்கில் போட்டுப் பார்க்கலாம், அவ்வளவுதான். அப்படியென்றால் ஒரே கேஸில் மூன்று தேதி ஏற வேண்டும், கட்சிக்காரர் திரும்பிய செக்கோடு வந்து உட்கார்ந்த அன்றைக்கே, நோட்டீஸை டைப் அடிக்கும் முன்பே.

எதிருரைக்கு சம்மன் சார்வான, அதாவது கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 30 நாள், கோர்ட் நீட்டித்தால் 90 நாள். சாதாரண வழக்கில் அதையும் தாண்டிக் கோர்ட் சில சமயம் ஏற்றுக்கொள்ளும், வணிக வழக்காக இருந்தால் 120 நாளோடு கதவு மூடிவிடும், எந்தக் காரணமும் செல்லாது. இந்த வித்தியாசம் தெரியாமல், எல்லாம் எதிருரைதானே என்று ஒரே கணக்கில் போட்டுவிட்டு மாட்டிக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எக்ஸ்பார்ட்டி டிகிரியை (தீர்ப்பாணையை) ரத்து செய்ய 30 நாள், வழக்கு ஆஜராகாமல் தள்ளுபடியானால் திரும்ப எடுக்க 30 நாள், மாவட்ட நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 90 நாள். நம்மைக் கேட்காமல் உத்தரவு போடக் கூடாது என்று முன்கூட்டியே போடும் கேவியட்டுக்கு ஆயுள் 90 நாள்தான், அது முடிகிற தேதியும் ஏற வேண்டும். தீர்ப்பு சொன்ன அன்று சாயங்காலமே நகல் மனு போடுவதைப் பழக்கமாக்குங்கள், நகல் வாங்கப் பிடிக்கும் நாள் மேல்முறையீட்டுக் கெடுவில் சேராது. மனுவே போடாமல் உட்கார்ந்திருந்த நாள் சேரும்.

ஒவ்வொரு கெடுவுக்கும் இரண்டு தேதி எழுதுகிறோம். ஒன்று சட்டம் சொல்லும் கடைசி நாள், இன்னொன்று அதற்கு 10 நாள் முந்தைய எங்கள் ஆபீஸ் நாள். பேச்செல்லாம் ஆபீஸ் நாளைப் பற்றித்தான். அப்புறம், எழுதுகிறவர் ஒருவர், சரி பார்க்கிறவர் இன்னொருவர் என்று இருக்க வேண்டும். சாயங்காலம் 6 மணிக்கு 15 நிமிஷம் எல்லோரும் நின்றுகொண்டே அன்றைய வாய்தா, அடுத்த வாய்தா, இந்த வாரக் கெடு மூன்றையும் வாசித்துவிடுகிறோம். முதல் ஒரு மாதம் எல்லோருக்கும் சலிப்பாக இருந்தது. இப்போது நான் வரத் தாமதமானால் குமாஸ்தா அண்ணனே ஆரம்பித்துவிடுகிறார்.

கட்டைத் திறந்தால் கதை தெரிய வேண்டும்

ஒவ்வொரு கட்டின் முதல் பக்கமும் ஒரே மாதிரி இருக்கட்டும். கட்சிக்காரர் யார், எதிரி யார், வழக்கு எண், சி.என்.ஆர். எண், கேஸ் என்ன என்று 5 வரி, நம் பக்கம் பலம் எது, பலவீனம் எது, கட்சிக்காரரிடம் வாங்க வேண்டிய அசல் பத்திரங்கள் எவை, அடுத்து செய்ய வேண்டிய வேலை எது. இந்தப் பக்கத்தைப் பார்த்து, கேஸைப் பற்றி ஒன்றும் தெரியாத ஜூனியர் ஒருவர் எழுந்து நின்று நீதிபதி கேட்கும் முதல் கேள்விக்குப் பதில் சொல்ல முடிய வேண்டும், அதுதான் அளவு.

அசல் பத்திரத்தை வாங்கும்போதே ரசீது எழுதிக் கொடுங்கள், திருப்பிக் கொடுக்கும்போது கையெழுத்து வாங்குங்கள். மற்றதை ஸ்கேன் செய்து ஒரே பெயர் முறையில் வையுங்கள், 'ஸ்கேன் 14', 'நியூ டாக்குமென்ட் 3' என்று கிடந்தால் ஸ்கேன் செய்யாததற்குச் சமம்.

இதோடு சேர்த்து ஒரு பெயர்ப் பதிவேடு. சின்ன ஊரில் இது ரொம்ப முக்கியம், ஆனால் பெரும்பாலான ஆபீஸில் கிடையாது. புதிதாக ஒருவர் வந்து கேஸ் சொல்ல ஆரம்பிப்பதற்கு முன்பே எதிர்த்தரப்பு யார் என்று கேட்டு, அந்தப் பெயர் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நம் ஊரில் முருகேசன் என்று தேடினால் 20 பேர் வருவார்கள், அதனால் தகப்பனார் பெயர், ஊர், செல் நம்பர் மூன்றையும் ஏற்றுங்கள். அண்ணன் பாகப்பிரிவினைக்காக வந்திருப்பார், தம்பிக்கு நாலு வருஷத்துக்கு முன்னால் நாமே கிரயப் பத்திரம் எழுதிக் கொடுத்திருப்போம். எல்லாவற்றையும் கேட்டு முடித்த பிறகு தெரிந்தால் இரண்டு பேரையும் இழக்க வேண்டியதுதான், நம் பெயரும் கெடும்.

ஃபீஸ்: கூச்சப்பட்டால் ஆபீஸ் நிற்காது

இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும், நம்மில் பலர் சட்டத்தில் தைரியசாலிகளாக இருந்துகொண்டு காசு கேட்கும்போது மட்டும் தரையைப் பார்க்கிறோம்.

முதலில் உங்கள் ஆபீஸ் ஒரு மணி நேரம் ஓட எவ்வளவு ஆகிறது என்று கணக்குப் போடுங்கள். என் பழைய கணக்கையே தருகிறேன். வாடகை 12,000, குமாஸ்தா சம்பளம் 16,000, இரண்டு ஜூனியருக்கு 30,000, பிரிண்ட், கரண்ட், இன்டர்நெட், சட்ட இதழ் சந்தா, பெட்ரோல் எல்லாம் சேர்த்து 14,000. ஆக 72,000. என் வீட்டுக்கு 60,000 எடுக்க வேண்டும். மொத்தம் 1,32,000. நாங்கள் மூன்று வக்கீலும் சேர்ந்து மாதத்தில் கேஸ் வேலையாக மட்டும் செய்யும் நேரம் சுமார் 250 மணி, மீதி நேரம் காத்திருப்பதிலும் அலைவதிலும் போய்விடும். வகுத்தால் மணிக்கு 530 ரூபாய்க்குப் பக்கம் வருகிறது. ஒரு செக் கேஸ் நோட்டீஸில் தொடங்கித் தீர்ப்பு வரை எங்களிடம் 30 மணி நேரம் சாப்பிடுகிறது, அப்படியானால் அடக்கமே 16,000 ரூபாய். நான் அதற்கு வாங்கிக்கொண்டிருந்தது 10,000. ஊரில் எல்லோரும் அதைத்தான் வாங்குகிறார்கள் என்று நானும் வாங்கினேன், ஒவ்வொரு செக் கேஸிலும் கையிலிருந்து 6,000 போட்டு நடத்தியிருக்கிறேன் என்பது அந்தக் கணக்கைப் போட்ட இரவில்தான் தெரிந்தது. கேஸ் நிறைய வந்தும் மாதக் கடைசியில் ஏன் கை கடித்தது என்பதற்கு விடை அதுதான்.

அடுத்தது, ஃபீஸைக் கட்டம் கட்டமாகப் பிரியுங்கள். நோட்டீஸுக்கு இவ்வளவு, பிராது தாக்கலுக்கு இவ்வளவு, சாட்சி விசாரணை தொடங்கும்போது இவ்வளவு, வாதத்துக்கு முன் இவ்வளவு. மேல்முறையீடும் நிறைவேற்று மனுவும் தனி என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள், டிகிரி வாங்கிக் கொடுத்த பிறகு இ.பி. (நிறைவேற்று மனு) இதில் சேராது என்று சொன்னால் யாருக்கும் கோபம்தான் வரும். இதையெல்லாம் ஒரு பக்கத்தில் எளிய தமிழில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள். என்ன செய்வோம், என்ன செய்ய மாட்டோம், நீதிமன்றக் கட்டணம், பேட்டா (சம்மன், நோட்டீஸ் அனுப்பக் கட்டும் தொகை), நகல் செலவு யார் பொறுப்பு என்பதும் அதில் இருக்கட்டும். ஜெயிப்போம் என்ற உறுதி மட்டும் எழுத்திலும் வேண்டாம், பேச்சிலும் வேண்டாம்.

ஏன் கட்டம் கட்டமாக என்றால், ஃபீஸ் பாக்கிக்காகக் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள நமக்கு உரிமையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-ல் ஆர்.டி. சக்சேனா வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. கட்சிக்காரர் கேட்டால் கட்டைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும், பாக்கியைத் தனியாகத்தான் கேட்க வேண்டும். அதனால் வேலைக்கு முன்பே வாங்கிக்கொண்டு வேலையைச் செய்யுங்கள்.

இன்னொன்று, விபத்து இழப்பீட்டில் இத்தனை சதவீதம், ஜெயித்தால் இவ்வளவு என்று பேசுவது. நிறைய இடத்தில் நடக்கிறது என்பதால் சரியாகிவிடாது. வழக்கின் முடிவைப் பொறுத்து ஃபீஸ் பேசுவதையும், வரும் தொகையில் பங்கு கேட்பதையும் வக்கீல் தொழிலை ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சிலின் விதிகள் தடுக்கின்றன. கேஸ் பிடித்து வருகிறவர்களுக்குக் கமிஷன் கொடுப்பதும் அப்படித்தான், வக்கீல் அல்லாத யாரோடும் வருமானத்தைப் பங்கிடக் கூடாது. இந்த இரண்டின் மேல் வளர்ந்த ஆபீஸ் ஒரே ஒரு புகாரில் சரிந்துவிடும், ஒரு ஆஸ்பத்திரி வாசலில் ஆள் வைத்திருக்கிறவரைப் பார்த்து மனசு தடுமாறாதீர்கள்.

கட்சிக்காரர் பணத்துக்கென்று தனி பாங்க் கணக்கு தொடங்குங்கள். நீதிமன்றக் கட்டணத்துக்காகக் கொடுத்தது, சமரசத்தில் வந்தது எல்லாம் அதில்தான். வாங்கும்போதே இது ஃபீஸா செலவுக்கா என்று ரசீதில் எழுத வேண்டும், அவர் கேட்டால் கணக்கு காட்ட வேண்டும், அவருக்காகப் பணம் வந்தால் உடனே தெரிவிக்க வேண்டும், மூன்றும் பார் கவுன்சில் விதிதான். ஆபீஸ் வாடகைக்கு இந்த மாதம் மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றும் நாள் வரும். எடுக்காதீர்கள், எவ்வளவு நெருக்கடியாக இருந்தாலும்.

வரி விஷயத்துக்கு ஒரு ஆடிட்டரை வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனிக் கட்சிக்காரர்கள் ஃபீஸில் 10 சதவீதம் டி.டி.எஸ். (முன்கூட்டிய வருமான வரி) பிடிப்பார்கள், அது கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வக்கீல் சேவைக்கான ஜி.எஸ்.டி. வியாபார நிறுவனங்கள் விஷயத்தில் வாங்குகிறவர் கட்டுவதாகத்தான் அமைந்திருக்கிறது.

எல்லாக் கேஸையும் எடுக்காதீர்கள்

ஆரம்பத்தில் வருகிறதை எல்லாம் எடுத்துத்தான் ஆக வேண்டும், அதில் தப்பில்லை. 5 வருஷம் ஆன பிறகும் காலையில் ஜாமீன், மத்தியானம் விவாகரத்து, சாயங்காலம் வருவாய்க் கோட்டாட்சியரிடம் பட்டா மேல்முறையீடு என்று இருந்தால் எதிலும் மாதிரி மனுக்கள் சேராது, ஜூனியருக்கும் எதையும் கற்றுக்கொடுத்து ஒப்படைக்க முடியாது. உங்கள் ஊரில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஈரோட்டில் ஜவுளி, மஞ்சள் வியாபாரம், அதனால் செக் கேஸ், பணம் வசூல் வழக்கு, கூட்டாண்மைத் தகராறு. நாங்கள் இதையும் குடும்பச் சொத்து வழக்கையும் எடுத்துக்கொண்டோம். 3 லட்சமும் அதற்கு மேலும் மதிப்புள்ள வணிகத் தகராறு வணிக நீதிமன்றச் சட்டத்துக்குள் வந்துவிடும், அவசர இடைக்கால உத்தரவு கேட்காத வழக்கென்றால் முதலில் சமரச முயற்சிக்குப் போய்விட்டுத்தான் பிராது தாக்கல் செய்ய முடியும். இதைச் சரியாகச் செய்கிற ஆபீஸ் என்று நாலு வியாபாரிகளுக்குத் தெரிந்தால் ஐந்தாவது ஆள் தானாக வருவார்.

மறுக்க வேண்டிய கேஸ்களும் உண்டு. மூன்று வக்கீலிடம் இருந்து மாறி வந்து மூன்று பேரையும் திட்டுகிறவர், உண்மையைப் பாதி மட்டும் சொல்கிறவர், ஃபீஸ் கடிதத்தில் கையெழுத்துப் போட மறுக்கிறவர். இவர்களை மரியாதையாக அனுப்பிவிடுங்கள். நீங்கள் செய்யாத வகை வழக்கென்றால் அதை நன்றாகச் செய்கிற வக்கீலிடம் அனுப்புங்கள், எதுவும் எதிர்பார்க்காமல்.

காசில்லாதவர்கள் வருவார்கள், அவர்களைப் பேரம் பேசிக் கசக்காதீர்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு எங்கே இருக்கிறது என்று சொல்லி, முடிந்தால் குமாஸ்தாவைக் கூட அனுப்பி வையுங்கள். பெண்கள், குழந்தைகள், பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு அங்கே வருமானம் பார்க்காமலே இலவச உதவி கிடைக்கும். அது போக வருஷத்துக்கு 4 கேஸ் நாங்களே ஃபீஸ் இல்லாமல் நடத்துகிறோம். எண்ணிக்கையை முன்பே முடிவு செய்துகொண்டதால் அந்த நாலையும் முழு மனசோடு செய்ய முடிகிறது.

ஜூனியர்

ஜூனியருக்குச் சம்பளம் கொடுங்கள். "நாங்க எல்லாம் பஸ் காசுக்கு வேலை பார்த்தோம்" என்ற பேச்சு இனி வேண்டாம். 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சென்னை, மதுரை, கோவையில் மாதம் குறைந்தது 20,000, மற்ற ஊர்களில் 15,000 உதவித்தொகை தர வேண்டும் என்று சொன்னது. அதே வருஷம் இந்திய பார் கவுன்சிலும் நகரத்துக்கு 20,000, கிராமப்புறத்துக்கு 15,000 என்று பரிந்துரைத்தது. எங்களால் எங்கே முடியும் என்று கேட்பவர்களுக்கு என் பதில் மேலே போட்ட கணக்குதான், ஃபீஸைச் சரியாக வாங்கினால் முடியும். கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்றால், நீங்கள் இரண்டு வருஷம் கற்றுக்கொடுத்த பிள்ளை மூன்றாம் வருஷம் பாங்க் லீகல் ஆபீசர் பரீட்சை எழுதிப் போய்விடும், நீங்கள் மறுபடி ஆரம்பத்தில் இருந்து ஒருவருக்கு வாய்தா வாங்கச் சொல்லிக் கொடுப்பீர்கள். அப்படி மூன்று பேரை இழந்தேன்.

சம்பளத்துக்கு அடுத்தது வேலை. வாய்தா வாங்கவும் நகல் வாங்கவும் மட்டும் அனுப்பினால் அவர் எப்போதும் ஓடுகிற ஆளாகவே இருப்பார். வாய்தாவைக் கொடுக்காமல் கேஸைக் கொடுங்கள். நான் செய்வது இப்படி: முதல் 6 மாதம் நான் செய்வதைப் பார்க்க வேண்டும், அடுத்த 6 மாதம் மனு, நோட்டீஸ், நிரூபண வாக்குமூலம் (சாட்சி சொல்வதை எழுத்தில் தரும் பிரமாணம்) எல்லாம் அவர் எழுத நான் திருத்துவேன், இரண்டாம் வருஷம் சின்ன வழக்குகளில் குறுக்கு விசாரணை அவர் செய்ய நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன், மூன்றாம் வருஷம் 20 கட்டு முழுக்க அவர் பொறுப்பு. உட்கார்ந்திருக்கும்போது வாயைத் திறக்கக் கூடாது, அதுதான் சீனியருக்குக் கஷ்டமான பாடம். அவர் கேட்க மறந்த கேள்வியைச் சீட்டில் எழுதித் தள்ளுங்கள், எழுந்து நின்று பிடுங்காதீர்கள்; கட்சிக்காரர் முன்னால் ஒரு தடவை பிடுங்கிவிட்டால் அவர் அந்த ஜூனியரை அப்புறம் நம்பவே மாட்டார், எல்லாவற்றுக்கும் உங்களைத்தான் தேடுவார்.

அவர் பொறுப்பில் உள்ள கேஸின் ஃபீஸில் சம்பளத்துக்கு மேல் ஒரு பங்கு கொடுங்கள். வக்காலத்தில் பெயர் போடுங்கள். பெண் ஜூனியர்களுக்கு டிராஃப்டிங் மட்டும், ஆண்களுக்குக் கோர்ட் என்று பிரிக்காதீர்கள். எங்கள் ஆபீஸில் குறுக்கு விசாரணையில் இப்போது என்னைவிட நுணுக்கமாகப் போகிறவர் ஒரு பெண் வக்கீல்தான், அவர் எனக்குப் பங்குதாரராகிறார். வக்கீல்களுக்குள் கூட்டாண்மை போடுவதற்குத் தடையில்லை. பங்கு, செலவு, யார் விலகினால் எந்தக் கட்டு யாரோடு போகும் என்பதை நல்லபடியாகப் பேசிக்கொண்டிருக்கும்போதே எழுதிவிடுங்கள்.

குமாஸ்தாவைப் பற்றி ஒரு வார்த்தை. 20 வருஷ அனுபவமுள்ள குமாஸ்தா அண்ணன் ஒருவர் பல ஜூனியர்களுக்குச் சமம், எந்த செக்‌ஷனில் எந்த மனு எதற்காகத் திரும்புகிறது என்பது அவருக்குத்தான் தெரியும். ஆனால் அவருக்குத் தெரிந்ததும் அவர் தலைக்குள்தான் இருக்கிறது. உட்கார வைத்துக் கேட்டு, மனு திரும்பாமல் இருக்க வேண்டிய பட்டியலை ஜூனியரை விட்டு எழுதச் சொல்லுங்கள். மாதச் சம்பளமாகவே கொடுங்கள், கட்சிக்காரரிடம் தனியாக வாங்கிக்கொள்ளட்டும் என்று விட்டால் செலவுக் கணக்கு ஒருநாளும் சுத்தமாக இருக்காது.

விளம்பரம் முடியாது, தகவல் சொல்ல முடியும்

நாம் விளம்பரம் செய்யக் கூடாது. பார் கவுன்சில் விதி 36 அப்படி. 2008-ல் வந்த திருத்தத்தில் இணையதளம் வைத்துக்கொள்ள அனுமதித்தார்கள், அதுவும் பெயர், முகவரி, தொலைபேசி, பதிவு விவரம், படிப்பு, தொழில் செய்யும் துறை போன்ற குறிப்பிட்ட தகவலுக்கு மட்டும். 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், ஆன்லைன் தளங்கள் வழியாக வேலை தேடும் வக்கீல்கள் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லிப் பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. அதனால் ரீல்ஸ் போட்டுக் கட்சிக்காரர் பிடிக்கலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

புதுக் கட்சிக்காரர் பழைய கட்சிக்காரர் சொல்லித்தான் வருவார். பழையவர் எப்போது சொல்வார்? ஜெயித்தால் மட்டும் என்று நினைத்திருந்தேன். விலகிப்போன கட்சிக்காரர்களைக் கூப்பிட்டுக் கேட்டுப் பார்த்தேன், தோற்றதைப் பற்றிச் சொன்னவர் ஒருவரும் இல்லை. "ஃபோன் எடுக்க மாட்டீங்க, என்ன நடந்துச்சுன்னே தெரியாதுங்க" என்பதைத்தான் வேறு வேறு வார்த்தையில் சொன்னார்கள். இப்போது வாய்தா முடிந்த அன்று இரவு 8 மணிக்குள் ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் நாலு வரி போகிறது: இன்று என்ன நடந்தது, அடுத்த வாய்தா எப்போது, அன்று என்ன நடக்கும், நீங்கள் வர வேண்டுமா வேண்டாமா. படிக்கத் தெரியாதவர்களுக்குக் குரல் பதிவு. நீதிபதி லீவு, வாய்தா போட்டார்கள் என்றாலும் அதையும் அனுப்புகிறோம். ஃபோன் கால் பாதியாகக் குறைந்துவிட்டது. சாயங்காலம் 5 முதல் 6 வரை கட்சிக்காரர் ஃபோனுக்கென்றே ஒரு நேரம் ஒதுக்கி, அதை ஃபீஸ் கடிதத்திலும் எழுதியிருக்கிறோம்.

தோற்றால் நான்தான் சொல்ல வேண்டும், நேரில். அதை ஜூனியர் தலையில் போடுவதில்லை.

ஏ.ஐ. கருவிகளை மொழிபெயர்ப்புக்கும் தேதி வரிசை போடவும் பயன்படுத்தலாம், ஆனால் கட்சிக்காரர் பெயரையும் பத்திரத்தையும் அப்படியே அதில் ஏற்றாதீர்கள், அது கொடுக்கும் தீர்ப்பு எதையும் முழுத் தீர்ப்பை எடுத்துப் படிக்காமல் மேற்கோள் காட்டாதீர்கள்.

மே மாதத்தை வீணாக்காதீர்கள்

மே மாதம் சிவில் கோர்ட் விடுமுறை, வரும்படி குறையும். ஜனவரியில் இருந்தே மாதா மாதம் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள், சம்பளம் மட்டும் எந்த மாதமும் தள்ளிப் போகக் கூடாது. 3 மாதச் செலவு பாங்கில் தனியாக இருந்தால்தான் வேண்டாத கேஸை வேண்டாம் என்று சொல்ல தைரியம் வரும்.

அந்த மாதத்தில் ஒரு வாரம் அலமாரியில் இருக்கும் எல்லாக் கட்டையும் தரையில் இறக்குகிறோம். ஒவ்வொன்றாகத் திறந்து, முதல் பக்கம் சரியாக இருக்கிறதா, கெடு நோட்டில் ஏறியிருக்கிறதா, ஃபீஸ் எந்தக் கட்டத்தில் நிற்கிறது, ஒரு வருஷமாக அசையாத கேஸ் ஏன் அசையவில்லை என்று பார்க்கிறோம். ஒரு கட்டுக்கு 10 நிமிஷம் என்று வைத்தாலும் 140 கட்டுக்கு 23 மணி நேரம்தான், மூன்று பேர் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு 8 மணிகூட இல்லை. முதல் வருஷம் பார்த்தபோது பேட்டா கட்டாமல் கிடந்த மனு இரண்டு, கட்சிக்காரரே இறந்துபோய் வாரிசைச் சேர்க்காமல் இருந்த வழக்கு ஒன்று, திருப்பித் தராத அசல் பத்திரம் 9 கிடைத்தன. வாரிசைச் சேர்க்க 90 நாள், அந்த வழக்கில் 81-ஆவது நாள் ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கே மனுவை டைப் அடித்தோம், விடுமுறை முடிந்து கோர்ட் திறந்த காலையில் குமாஸ்தா அண்ணன் முதல் ஆளாகப் போய்த் தாக்கல் செய்துவிட்டு வந்தார். முடிந்துபோன கேஸ்களின் பத்திரங்களை அவரவர் வீட்டுக்குக் கூப்பிட்டுச் சொல்லித் திருப்பிக் கொடுத்தோம். வாங்க வந்தவர்களில் இரண்டு பேர் அங்கேயே உட்கார்ந்து புதிதாக ஒரு கேஸ் சொன்னார்கள்.